முப்பத்தோரு பெட்டிகளுக்குப் பெயர் வைத்தவர்

சித்திரை மாதத்து மதியம் ஒன்றில் என் செல்போனுக்கு ஒரே வரியில் ஓர் எச்சரிக்கை வந்தது. "லோக்கல்ஹோஸ்ட்: 11 டிகிரி." படித்து முடிப்பதற்குள் உத்தமபாளையத்திலிருந்து அழைப்பு. "எங்க ரூமாண்ணே?" என்றார் அந்த ஆள். எனக்குத் தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்து சின்னமனூர், அதற்கடுத்து சுருளிப்பட்டி ரோடு. எல்லாரும் அதையே கேட்டார்கள். நானும் அதே பதிலைச் சொன்னேன்.

பழனிசெட்டிபட்டியில் ஒரு மாடி அறையில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து கம்ப்யூட்டர் பராமரிப்பு செய்கிறோம். கடைகள், பள்ளிக்கூடங்கள், ஒரு மில். எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர் திராட்சை வியாபாரி. சின்னமனூரிலிருந்து கூடலூர் வரை அவருக்கு ஏழு குளிர் குடோன்கள். குடோனுக்கு நான்கைந்து அறைகள். ஒவ்வோர் அறைச் சுவரிலும் உள்ளங்கை அளவில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. அதிலிருந்து ஒரு வயர் அறைக்குள் போகும், அதன் நுனியில் வெப்பத்தைப் பார்க்கும் சென்சார். இரண்டு டிகிரியில் இருக்க வேண்டிய அறை நான்கைத் தாண்டினால், எல்லாக் குடோன்காரர்களும் இருக்கும் வாட்ஸப் குழுவுக்கு அந்தப் பெட்டி தன் பெயரைப் போட்டுச் செய்தி அனுப்பும்.

அந்தப் பெயரில்தான் சிக்கல். கம்ப்யூட்டருக்கு நாம் வைக்கும் பெயரை ஹோஸ்ட்நேம் என்போம். புது மெமரி கார்டு போட்டு எழுப்பினால், நாம் பெயர் வைக்கும்வரை அந்தப் பெட்டி தன்னை லோக்கல்ஹோஸ்ட் என்றே சொல்லிக்கொள்ளும். முந்தின வாரம் மின்சாரம் ஏறி இறங்கியதில் மூன்று குடோன்களில் தலா ஒரு பெட்டியின் கார்டு போய்விட்டது. புதுக் கார்டு போட்டு வந்தேன். பெயரை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீரபாண்டித் திருவிழா கூட்டம், ரோட்டில் வண்டி நகராது, சீக்கிரம் வீடு திரும்ப வேண்டும் என்பது அன்றைக்கு எனக்கு நல்ல காரணமாகப் பட்டது.

பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். சின்னமனூரில் அறை சரியாக இருந்தது. உத்தமபாளையத்திலும் சரி. மூன்றாவதாக, கம்பம் தாண்டி சுருளிப்பட்டி ரோட்டில் இருக்கும் குடோனுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. அங்கே மேஸ்திரி வாசலிலேயே நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும். லோடு ஏற்றும் வேலையில் ஆரம்பித்து அந்தக் குடோனைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக வந்தவர்.

"நம்மதுதாண்ணே," என்றார். "கதவுக்குக் கீழ ரப்பரு பிஞ்சு கெடக்கு. வெளிக்காத்து உள்ள போயிக்கிட்டே இருந்திருக்கு."

"எப்படிக் கண்டுபிடிச்சீக?"

"மெசேஜு வந்ததும் ஒவ்வொரு கதவாப் போயி அடியில கைய வச்சுப் பாத்தேன். ஒரு எடத்துல மட்டும் ஜில்லுன்னு கையில அடிச்சுச்சு."

வேலைக்கு வந்திருந்த ஆறு பெண்களைக் கூட்டி, அந்த அறையில் இருந்த டிரேக்களை எல்லாம் பக்கத்து அறைக்கு மாற்றியிருந்தார். ஓரத்தில் இருந்த கொஞ்சம் பன்னீர் திராட்சை மட்டும் காம்பை விட்டு உதிர ஆரம்பித்திருந்தது. மற்றது தப்பியது. நான் தலையைக் குனிந்துகொண்டு, அங்கேயே உட்கார்ந்து அந்தப் பெட்டிக்குப் பெயர் வைத்தேன். மேஸ்திரி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, கோபமில்லாமல் சொன்னார்: "மெசேஜு வருது, சரி. யாரு அனுப்புனதுன்னு இல்லேன்னா மொட்டைக் கடுதாசி மாதிரில்ல ஆகிப்போச்சு."

மறுநாள் அலுவலகத்தில் இதைச் சொல்லிப் புலம்பினேன். எங்களோடு புதிதாகச் சேர்ந்திருந்தவர் தன் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். போடிக்காரர், சுருளிப்பட்டியில் வாக்கப்பட்டவர். பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். கணவர் ஊரில் திராட்சைத் தோட்டத்தைப் பார்க்க வந்துவிட, இரண்டு பிள்ளைகளோடு இவரும் வந்தார். எங்களிடம் வாரத்துக்கு நான்கு நாள் வேலை. பின்னால் குடோன்காரர்கள் இவரை இன்ஜினியரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

"இதுவரைக்கும் எத்தனை தடவை கையால பேர் வச்சிருப்பீகண்ணே?" என்றார்.

நான் கணக்கு வைத்திருக்கவில்லை. முதலில் மொத்தப் பெட்டிக்கும் பெயர் வைக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. அலுவலகத்தில் இருந்தே எல்லாப் பெட்டிக்குள்ளும் போக வழி இருந்தது, ஆனால் எல்லாம் ஒரே பெயரைச் சொல்லும்போது எது எங்கே இருக்கிறது என்று தெரியாதே. அதனால் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொன்றின் முன்னாலும் போய் நின்றேன். அதற்குப் பிறகு கார்டு போகும்போதெல்லாம் மறுபடி போனேன்.

"இனிமே கையால வைக்க வேண்டாம். அன்சிபிள்ல எழுதிருவோம்," என்றார்.

அன்சிபிள் என்ற பெயரை நான் கேட்டிருக்கிறேன். பல கம்ப்யூட்டர்களை ஒரே இடத்தில் இருந்து ஒரே மாதிரி அமைத்து வைக்கும் கருவி. பெரிய கம்பெனிக்காரர்கள் வைத்துக்கொள்வது என்று நினைத்திருந்தேன். "நம்மகிட்ட இருக்குறதே முப்பத்தோரு பெட்டி. அதுக்கு இவ்வளவு எதுக்கும்மா? ரெண்டு நாள்ல நானே போயி வச்சிட்டு வந்துருவேன்."

"ஆயிரம் பெட்டியா இருந்தா என்ன, முப்பதா இருந்தா என்ன? கைத்தப்பு ஒரே கைத்தப்புதான்," என்றார். குத்திக்காட்டும் குரலில் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று இருந்தது.

நான் எதிர்பார்த்தது அவர் உடனே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுத ஆரம்பிப்பார் என்று. அவர் ஒரு கோடு போட்ட நோட்டை வாங்கிக்கொண்டு, "குடோனையெல்லாம் பாக்கணும்ணே" என்றார். மூன்று நாள் காரில் சுற்றினோம். ஒவ்வொரு பெட்டிக்கும் தொழிற்சாலையிலேயே பதிந்த வரிசை எண் ஒன்று உண்டு. எந்தக் கார்டைப் போட்டாலும் அது மாறாது. ஒவ்வொரு பெட்டியையும் கழற்றி அந்த எண்ணை நோட்டில் எழுதினார். எழுதிவிட்டு அங்கே இருப்பவரிடம், "இந்த ரூமுக்கு நீங்க என்ன பேரு சொல்லுவீக?" என்று கேட்டார்.

எனக்கு அந்தக் கேள்வி வேண்டாத வேலையாகப் பட்டது. நான் ஏற்கெனவே எண் போட்டு வைத்திருக்கிறேன், ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று. ஆனால் சுருளிப்பட்டி ரோட்டுக் குடோனில் மேஸ்திரி அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் தயங்கினார். என்னைப் பார்த்தார், இன்ஜினியரம்மாவைப் பார்த்தார்.

"நாங்க கெணத்து ரூம்பும்போம், பழைய ரூம்பும்போம், ரோட்டு ரூம்பு, லோடு ரூம்பு. அம்புட்டுத்தேன் மேடம்."

"நம்பர் சொல்ல மாட்டீகளா?"

"சொல்லுவோம். ஆனா எங்க நம்பரு வேற. மொதல்ல கட்டுனது கெணத்து ரூம்புதான், அதுதான் எங்களுக்கு ஒண்ணு. அண்ணே கேட்டுலருந்து எண்ணிட்டாக. அதுல அது நாலு."

"அப்ப மெசேஜுல நாலுன்னு வந்தா?" என்றேன்.

"மொத ரெண்டு தடவை வேற ரூம்புக்கு ஓடுனேன். பெறகு மனசுக்குள்ளயே மாத்திக்கிருவேன். நாலுன்னா ஒண்ணு, ரெண்டுன்னா மூணு, அப்படி."

"ஏண்ணே சொல்லல?"

"நீங்க வச்ச பேரு. நாம என்னத்தச் சொல்ல."

ஒன்றரை வருடம் ஒரு மனிதர் என் தவறை ஒவ்வொரு முறையும் தன் மனதுக்குள் திருத்திக்கொண்டிருந்திருக்கிறார். அதை நான் யாரிடமும் கேட்கவில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன். இன்ஜினியரம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. நோட்டில் 'கிணத்து ரூம்' என்று எழுதி, அதற்கு நேராக வரிசை எண்ணை எழுதிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் என்னைப் பார்க்காமல் இருந்தது எனக்குச் செய்த உதவி.

வேறு இரண்டு குடோன்களிலும் அதே கதைதான். கூடலூரில் மூன்று என்ற எண்ணை நான் இரண்டு அறைகளுக்கு வைத்திருந்தேன்.

திரும்பி வந்து எழுத ஆரம்பித்தார். ஹோஸ்ட்நேமில் ஆங்கில எழுத்து, எண், நடுவில் சிறு கோடு, இவ்வளவுதான் இருக்கலாம். தமிழில் வைக்க முடியாது, இடைவெளி விட முடியாது, அடிக்கோடு போடக் கூடாது. அதனால் ஊரின் பெயர், ஒரு சிறு கோடு, அறையின் பெயர் என்று முடிவானது. பழைய ரூமில் ஒரு சிக்கல் வந்தது. 'ழ'வுக்கு ஆங்கிலத்தில் என்ன எழுதுவது என்று நானும் அவரும் கொஞ்ச நேரம் பேசினோம். அப்புறம் மேஸ்திரியைப் போனில் கூப்பிட்டு, "வாட்ஸப்புல நீங்க எப்படி அடிப்பீக, அதை அனுப்புங்க" என்றார். மேஸ்திரி 'ழ'வுக்கு வெறும் ஆங்கில 'எல்' போட்டு அனுப்பினார். இன்ஜினியரம்மா அதையே வைத்தார்.

எழுதியதை எனக்குக் காட்டினார். இரண்டே கோப்புகள். ஒன்றில் பட்டியல்: இந்த வரிசை எண்ணுக்கு இந்தப் பெயர். இன்னொன்றில் கட்டளை: ஒவ்வொரு பெட்டியிடமும் போ, உன் வரிசை எண் என்ன என்று கேள், பட்டியலைப் பார், பெயர் ஏற்கெனவே சரியாக இருந்தால் தொடாதே, இல்லாவிட்டால் மாற்று. நான் நான்கு முறை படித்தேன். ஒவ்வொரு வரியும் எனக்குப் புரிந்தது. இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இவ்வளவு சின்ன எழுத்து இவ்வளவு வேலையைச் செய்யும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

"எல்லாத்துக்கும் ஓட்டிருவோமா?" என்றேன். இப்போது எனக்குத்தான் அவசரம்.

"வேணாம்ணே. மொதல்ல சுருளிப்பட்டி ரோட்டுல நாலுக்கு மட்டும்."

ஒரு பொத்தானைத் தட்டினார். திரையில் மஞ்சள் நிறத்தில் நான்கு வரிகள் வந்தன. மஞ்சள் என்றால் மாற்றப்பட்டது என்று அர்த்தம். நான் கை தட்டப் போனேன். அவர் மேஸ்திரிக்குப் போன் போட்டார்.

"அண்ணே, ஒரு ஒத்தாசை. கெணத்து ரூம்புல சென்சாரு நுனியக் கைக்குள்ள பொத்திப் பிடிச்சுக்கோங்க. உங்க சூட்டுக்கு அது ஏறும். மெசேஜு வருதான்னு பாப்போம்."

காத்திருந்தோம். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். செய்தி வரவில்லை. மேஸ்திரி கை விறைக்கிறது என்றார். இன்ஜினியரம்மாவின் முகம் மாறியது. பெட்டிக்குள் போய்த் தேட ஆரம்பித்தார். கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. கம்ப்யூட்டரின் பெயர் உள்ளே இரண்டு இடங்களில் எழுதியிருக்கும். அவர் ஓர் இடத்தில் மாற்றியிருந்தார், மற்றொரு இடத்தில் பழைய பெயரே இருந்தது. செய்தி அனுப்பும் புரோகிராம் தன் புதுப் பெயரை அந்த இரண்டாவது இடத்தில் தேடி, கிடைக்காமல் அப்படியே நின்றுபோயிருந்தது. இரண்டாவது இடத்தையும் மாற்றச் சொல்லி ஒரு வரி சேர்த்தார். மறுபடி ஓட்டினார். மேஸ்திரி மறுபடி பொத்திப் பிடித்தார். இந்த முறை இரண்டே நிமிடத்தில் குழுவில் செய்தி விழுந்தது. சுருளி, சிறு கோடு, கிணத்து ரூம், ஐந்து டிகிரி.

"வந்திருச்சு ஆத்தா," என்றார் மேஸ்திரி. அதுவரை மேடம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.

அதற்குப் பிறகு இன்ஜினியரம்மா செய்ததைத்தான் நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். நாற்பது நிமிடம் நான்கு அறைகளுக்கு எச்சரிக்கை இல்லாமல் இருந்திருக்கிறது. அந்த நேரத்தில் அறைகள் குளிராகத்தான் இருந்தன, ஒரு காய்கூடக் கெடவில்லை, எங்கள் இருவரையும் மேஸ்திரியையும் தவிர யாருக்கும் தெரியாது. நானாக இருந்தால் பேசாமல் விட்டிருப்பேன். அவர் வியாபாரியும் எல்லாக் குடோன்காரர்களும் இருக்கும் குழுவில் குரலைப் பதிவு செய்து அனுப்பினார். "சுருளிப்பட்டி ரோட்டுல நாலு ரூம்புக்கும் நாப்பது நிமிஷம் மெசேஜு வராம இருந்திருக்கு. நான் எழுதுனதுல ஒரு வரி விட்டுப் போச்சு. இப்ப சரி பண்ணிட்டேன். நாளைக்கு ஒங்க குடோனுக்கு ஓட்டுறப்ப நீங்களும் சென்சாரப் பொத்திப் பிடிச்சு மெசேஜு வருதான்னு பாத்துச் சொல்லணும்."

"இதைச் சொல்லணுமாம்மா?" என்று கேட்டேன்.

"சொன்னாத்தானே நாளைக்கு அவுக பொத்திப் பிடிச்சுப் பாப்பாக," என்றார். என் கேள்வி அவருக்கு விளங்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

வியாபாரி திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு கட்டை விரலை மட்டும் அனுப்பினார்.

மறுநாள் முப்பத்தொன்றுக்கும் ஓட்டினார். நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஊர் ஊராக மஞ்சள் வரிகள் இறங்கின. நான் இரண்டு வாரம் வெயிலில் அலைந்த வேலை, டீ ஆறுவதற்குள் முடிந்துகொண்டிருந்தது. வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. நன்றாகச் சமைத்தவரின் அடுப்படியில் நிற்பதுபோல் இருந்தது. முந்தின நாள் பெயர் வாங்கிய நான்கும் பச்சையில் வந்தன. அவற்றைக் கருவி தொடவே இல்லை. கூடலூரில் ஒன்று மட்டும் சிவப்பில் நின்றது. அந்தப் பெட்டி அணைந்திருந்தது.

"அதுக்கு நான் போகட்டுமா?" என்றேன்.

"எதுக்குண்ணே? அது எந்திரிச்ச பெறகு திரும்ப ஓட்டுனாப் போதும். அதோட பேரு பட்டியல்ல இருக்குல்ல."

அன்று முழுக்கக் குழுவில் கூத்துதான். ஏழு குடோனிலும் ஆட்கள் சென்சாரைப் பொத்திப் பிடித்தார்கள். கம்பம், லோடு ரூம். உத்தமபாளையம், வாழை ரூம். கூடலூர், புளி ரூம். தங்கள் வாயில் புழங்கும் பெயர் செய்தியாக வந்து விழுவதைப் பார்த்து ஒருவர் இரண்டு முறை பிடித்தார்.

ஐப்பசியில் இடியோடு மழை வந்தது. சுருளிப்பட்டி ரோட்டுக் குடோனில் இரண்டு பெட்டிகள் கருகின. அந்த நேரம் நான் போடியில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். இலையில் சாதம் விழுந்துவிட்டது. மேஸ்திரியின் அழைப்பைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் எழுந்திருக்கப் போனேன். அதற்குள் குழுவில் இன்ஜினியரம்மாவின் குரல் வந்தது. நாங்கள் ஒவ்வொரு குடோனிலும் ஒரு பெட்டி உபரியாக வைத்திருந்தோம். அங்கே இரண்டு வேண்டும், இருந்தது ஒன்று. கம்பத்து உபரியை ஒரு வண்டியில் கொடுத்து அனுப்பச் சொன்னார். மேஸ்திரியே ஸ்குரூவைக் கழற்றி மாட்டினார். பெட்டியின் முதுகில் இருந்த வரிசை எண்ணை ஒவ்வோர் எழுத்தாகப் போனில் வாசித்தார். இன்ஜினியரம்மா பட்டியலில் இரண்டு எண்களை மட்டும் மாற்றி ஓட்டினார். பெட்டி புதிது, பெயர் அறையுடையது. நான் பாயசத்துக்கு வந்தபோது கிணத்து ரூமும் ரோட்டு ரூமும், மேஸ்திரி பொத்திப் பிடித்த சூட்டில், தங்கள் சொந்தப் பெயரில் ஐந்து டிகிரி என்று குழுவில் சொல்லிவிட்டன.

மாலையில் மேஸ்திரியிடம் பேசினேன். "நல்லா மாட்டிட்டீகண்ணே," என்றேன்.

"நம்பரு வாசிக்கையில பி-யா, டி-யான்னு ஒரு எடத்துல கொழப்பம். ஆத்தா குத்துமதிப்பா டைப் அடிச்சிரல, திரும்பச் சொல்லுங்கன்னு மூணு வாட்டி கேட்டுருச்சு," என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குத் தெரிந்தது. அவரிடம் யாரும் அதற்கு முன் அப்படி மூன்று முறை கேட்டிருக்க மாட்டார்கள். நான் கேட்கவில்லை.

தை மாதம் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று இன்ஜினியரம்மா மதுரைக்குப் போனார். இரண்டு வாரம் வர மாட்டார். போகும் முன் என்னை உட்கார வைத்து, "திங்கக்கெழமை தோறும் ஒரு தடவை நீங்க ஓட்டணும். ஏதாவது பேரு மாறியிருந்தா அதுவே திருத்திரும்" என்றார்.

திங்கட்கிழமை காலை கதவைச் சாத்திக்கொண்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் எழுதிய இரண்டு கோப்புகளையும் இன்னொரு முறை முழுக்கப் படித்தேன். ஒரே தட்டில் முப்பத்தோரு அறைகளில் தவறு செய்ய முடியும் என்பது எனக்கு இப்போது தெரியும். தட்டினேன். சின்னமனூரில் ஆரம்பித்து வரிகள் இறங்கின. பச்சை, பச்சை, பச்சை. கூடலூர் வரை ஒரு மஞ்சள்கூட இல்லை. கடைசி வரியில், மாறியது பூஜ்யம் என்றது.

ஒன்றுமே நடக்கவில்லை. எனக்கோ யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவர் ஆஸ்பத்திரியில் இருப்பார். மேஸ்திரிக்குப் போட்டேன்.

"ஓட்டிட்டேண்ணே. எல்லாப் பேரும் சரியா இருக்கு. ஒண்ணும் மாறல."

"சரிண்ணே. அப்ப எதுக்குப் போன் பண்ணீக?"

"சும்மாதான்."

அவர் கொஞ்சம் சிரித்தார். "லோடு வந்து நிக்கிது. பெறகு பேசுவோம்," என்று வைத்துவிட்டார்.